ஓடினேனா என்று கேட்டவர்

ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அவர் குச்சிகளைத் தொடைமேல் கிடத்திவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்: "ஓடினேனா?"

பக்கத்தில் பெரும்பாலும் நான்தான் நின்றேன். எங்கள் கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவில் அவர் டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார். அவருடைய கால் அடியும் என் தந்தியும் ஒன்றாக விழ வேண்டும் என்பதால் எங்களுக்கு நடுவே ஒரு முழம் இடம்கூட இருக்காது. "இல்லண்ணே" என்பேன். நம்பமாட்டார். கீபோர்டு வாசிக்கும் டீச்சரிடம் திரும்புவார். "இல்ல அண்ணே, நல்லா இருந்துது" என்பார் டீச்சர். அதையும் நம்பாமல், பிரசங்கம் நடக்கும் நேரம் முழுவதும் வலது காலால் சத்தமில்லாமல் அந்தப் பாட்டை மறுபடி மிதித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓடுவது என்றால், ஆரம்பித்த வேகத்தில் நிற்காமல் பாட்டைத் தன்னையறியாமல் முன்னால் தள்ளிக்கொண்டு போவது. அதற்கு எதிரானது இழுப்பது. டிரம்ஸ் வாசிப்பவர்கள் இரண்டுக்கும் பயப்படுவார்கள். இவர் முதலாவதற்கு மட்டுமே பயந்தார். நான் அறிந்த வருடங்களில் "இழுத்தேனா?" என்று அவர் கேட்டது ஒரே ஒரு முறை.

நாகர்கோவிலில் அவருக்கு பைக் சீட் கவர் தைக்கும் கடை இருந்தது. ரெக்சின் சுருள்களும் ஃபோம் அட்டைகளும் அடைத்த, ஒரு தையல் மெஷினும் இரண்டு ஸ்டூலும் போட்டபின் மிச்சமில்லாத இடம். தைத்து முடித்த சீட்டைக் குச்சியால் தட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். அவசரப்படும் ஆளிடம், "ஃபோமுக்கு மூச்சு விட இடம் வேணும்வே. இறுக்கித் தச்சா ஆறே மாசத்துல கிழியும்" என்பார். மூச்சு விட இடம் என்பது அவர் எதையும் அளக்கும் கோல். நான் பத்திரிகையில் எழுதும் செய்திகளையும் அப்படித்தான் படிப்பார். "நாலு பேரு செத்துப் போனதையும் கலெக்டர் வந்ததையும் ஒரே வரியில எழுதியிருக்கியே. படிக்கவனுக்கு மூச்சு விட இடம் வேண்டாமா, மக்கா?"

மழைக்காலத்தில் ஒருநாள் பத்மநாபபுரத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து பஸ்ஸில் போனோம். முன் சீட்டில் உட்கார்ந்தவர் கண்ணாடி வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தார். தக்கலை வந்ததும் டிரைவரிடம் குனிந்து, "தம்பி, உம்ம வைப்பர் வலது பக்கம் ஓடுகு, இடது பக்கம் இழுக்கு" என்றார். டிரைவர் திரும்பாமலே, "அண்ணாச்சி, உமக்கு எறங்கக்கூடிய எடம் வந்துட்டா?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் கண் வைப்பரை விட்டு நகரவில்லை.

சனிக்கிழமை மதியம் கடையில் ஆள் குறைவாக இருக்கும். நான் போனால் என் கைபேசியை வாங்கிக்கொள்வார். அவருடையதையும் என்னுடையதையும் தையல் மெஷின் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். இரண்டிலும் ஒரே ராக் பாட்டு, ஒரே டிரம்மர். ஒன்றில் அந்த வெள்ளைக்காரருக்கு இருபது சொச்சம் வயது, சட்டையில்லாமல், தலைமுடி பறக்க வாசிப்பார். மற்றதில் எழுபதைத் தாண்டியிருப்பார், தோளில் துண்டு, பின்னால் மின்விசிறி. இரண்டையும் ஒரே நொடியில் தொடங்கிவிட்டு, இளைஞன் கிழவனை எந்த இடத்தில் முந்துகிறான் என்று பார்ப்பார். சில நேரம் கிழவர் முந்திவிடுவதும் உண்டு. அப்போது அவருக்கு வரும் சந்தோஷத்தை, சொந்த ஊர்ப் பையன் கபடியில் ஜெயித்தால் வரும் சந்தோஷத்தோடுதான் ஒப்பிட முடியும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து, வயதாவதில் வகை பிரித்து வைத்திருந்தார். ஒருவர் முன்பு தோளிலிருந்து அடித்ததை இப்போது மணிக்கட்டிலிருந்து அடிக்கிறார். வேகம் அப்படியே இருக்கிறது, சத்தம் மட்டும் பாதி. இன்னொருவர் குச்சியைத் தலைகீழாகப் பிடித்து, தடித்த முனையால் அடித்துச் சத்தத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். ஒருவர் தலைக்கு மேலே இருந்த வெண்கலத் தட்டுகளையெல்லாம் மார்பு உயரத்துக்கு இறக்கிவிட்டார். ஒருவருக்குப் பின்னால் இருட்டில் இன்னொரு டிரம்மர் உட்கார்ந்து வாசிக்கிறார். கேமரா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. "பாவம், அவனும் என்ன செய்வான்" என்று அதை மட்டும் பாதியில் நிறுத்திவிடுவார்.

"இதப் பாரு, ஹை-ஹாட்டப் பாரு" என்று ஒருநாள் காட்டினார். காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு அது. பாட்டுக்கு நடை கொடுப்பதே அதன்மேல் வலது கை விடாமல் தட்டிக்கொண்டிருப்பதுதான். "சின்ன வயசுல எட்டு தட்டுகான். இப்போ அதே எடத்துல நாலுதான் விழுகு. பாக்கி நாலு எங்க போச்சு? வயசு தின்னுட்டு. கை நாலா கொறஞ்ச அண்ணைக்கு டிரம்மருக்கு வயசாச்சுன்னு அர்த்தம். முடி நரைக்கதெல்லாம் கணக்கில்ல, கேட்டியா."

இதையெல்லாம் ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரையாக எழுதலாமே என்றேன். தலையை ஆட்டினார். "காக்காவ விட்டுட்டு எழுத முடியாது. காக்காவ எழுதவும் முடியாது."

குளச்சல் காக்காவைப் பற்றி அவர் சொன்னது அன்றுதான்.

அவர் இருபதுகளில் இருந்தபோது கல்யாணங்களுக்கும் கோவளத்து ஓட்டல்களுக்கும் வாசிக்கப் போகும் இசைக்குழு ஒன்றில், கையால் தட்டும் உயரமான கொட்டான டும்பா வாசித்தார். அந்தக் குழுவின் டிரம்மர் குளச்சல்காரர். அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் காக்கா. கொழும்பில் கடை வேலைக்குப் போன இடத்தில் ஓட்டல் இசைக்குழுக்காரர்களோடு பழகி ராக் வாசிக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். குள்ளமான மனிதர். அவர் வாசிக்கும்போது வெள்ளைக்காரர்கள் மேஜையை விட்டு எழுந்து வந்து அவரைச் சுற்றி நிற்பார்களாம்.

"எனக்கு அந்த ஸ்டூல் வேணும். அதுதான் உள்ளது. வேற என்னத்தச் சொல்ல" என்றார் இவர்.

ஒரு கல்யாண வரவேற்பில், இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், மாப்பிள்ளை வீட்டாருக்கும் குழுவினருக்கும் கேட்கும்படி இவர் சொல்லிவிட்டார்: "காக்கா, நீங்க இழுக்கியோ. வயசாச்சு ஒங்களுக்கு."

காக்கா மிச்சப் பாட்டுகளை வாசித்து முடித்தார். குச்சிகளை டிரம்மின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடுத்த நிகழ்ச்சிக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ஸ்டூல் இவருக்கு வந்தது.

இவர் டிரம்ஸில் உட்கார்ந்த முதல் கல்யாணத்தில், நாலு பாட்டு முடியும் முன்பே குழுவில் பாடும் அக்கா மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "ஏலே, பேய் பிடிச்சவன் மாதிரி என்னத்துக்கு ஓடுக? காக்கா இருக்கும்போ எனக்கு மூச்சு விட இடம் இருந்துது. எந்நேரமும் நீதானே டும்பாவ வச்சு அவியளத் தள்ளிக்கிட்டிருந்த!"

காக்கா இழுக்கவில்லை. இவர்தான் ஓடியிருக்கிறார்.

மறுவாரம் குளச்சலுக்குப் போனார். காக்கா தூண்டிலும் வலைக்கயிறும் விற்கும் கடை போட்டிருந்தார். இவர் நின்றபடியே சொன்னார்: "காக்கா, தப்பு என்னுதாக்கும். நீங்க இழுக்கல்ல. நான்தான் ஓடுனேன். நீங்க வாங்க."

காக்கா சாயா வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னாராம்: "நீ சொன்னது பொய்யின்னு இப்போ எனக்குத் தெரியுது, மக்கா. ஆனா கை நம்பிட்டு. குச்சிய எடுத்தா, இழுக்கேனோ இழுக்கேனோன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அதுகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

காக்கா அதன்பின் வாசிக்கவே இல்லை. இவர் வாசித்தார். குழு கலைந்தபோது அந்த ஸ்டூலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் சபையில் அவர் உட்கார்ந்ததும் அதில்தான். காக்காவின் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்திருந்த ஸ்டூல் அது. இவர் நெட்டையர். முழங்கால்கள் மார்பை முட்டும் அளவுக்கு ஏறி நிற்கும். உயர்த்திக்கொள்ளுங்கள் அண்ணே என்றால், "ஸ்க்ரூ பிடிச்சுப் போச்சு" என்பார். நான் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். பிடித்திருக்கவில்லை. யாரும் திருகவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. அறுபதுக்குப் பிறகு வலது தோளும் இறுகத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேகமான ஒரு துதிப்பாட்டின் நடுவில், என் வலது காதில் ஏதோ குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். ஹை-ஹாட்டில் நாலுதான் விழுந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அதே மாதிரியான ஒரு பாட்டை டீச்சர் கொஞ்சம் மெதுவாகத் தொடங்கினார். எட்டும் திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். யாரும் யாரிடமும் எதுவும் பேசவில்லை. பாடகர் குழு மெதுவாகப் பாடியது, குழுவைக் கேட்டு சபை மெதுவாகப் பாடியது. கல்யாண நாள் வாழ்த்துப் பாட்டுகூடத் துக்க வீட்டுப் பாட்டின் நடைக்கு வந்துவிட்டது. புதிதாக வந்த ஐயர், எங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம், ஒரு கூட்டத்தில், ஆராதனை நீண்டுகொண்டே போகிறதே, ஏன் என்று தெரியவில்லை என்றார். பிரசங்கம்தான் காரணமாக இருக்கும் என்று சபைச் செயலர் பணிவோடு சொன்னார். ஐயர் பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டார். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் மாறியது அப்போதுதான். "ஓடினேனா?" என்று கேட்பது நின்றுபோனது. பாட்டு முடிந்ததும் குச்சிகளைக் கிடத்திவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒரு ஞாயிறு, செருப்பு மாட்டும் இடத்தில் என் தோளைப் பிடித்துச் சொன்னார்: "பாத்தியா, தாளம் ஒக்காந்துட்டு! மூச்சு விட இடம் இருந்துது. காக்கா வாசிக்கது இப்படித்தான் இருக்கும். எனக்கு இது வாறதுக்கு நாப்பது வருசம் ஆச்சுடே."

நான் செருப்பை மாட்டினேன். வெகுநேரம் மாட்டினேன்.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்குக் காக்காவை அழைக்கப் போவதாகச் சொன்னார். அழைத்தும்விட்டார். காக்காவுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

பண்டிகைக்கு முந்தின நாள் மாலை ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். நான் கிட்டாரை உறையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலிலிருந்து எழவில்லை.

"இழுத்தேனா?" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து தன்னைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீ பத்திரிகைக்காரன். உள்ளத உள்ளபடி சொல்லணும். நாளைக்குக் காக்கா வாறாவ. நான் இழுக்கேன்னா சொல்லு, நான் ஒக்காரல்ல. டிரம்ஸ் வாசிக்கத் தெரிஞ்ச அந்த காலேஜ் பிள்ளைய ஒக்காரச் சொல்லுகேன். நான் அவியளுக்குச் சொன்னேம்லா. எனக்கும் ஒருத்தன் சொல்லணும். அப்படி ஒருத்தன் சொல்லுகதுக்குத்தான் இவ்வளவு நாளா ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டுக்கிட்டு அலையுகேன்."

எனக்குக் குளச்சல் கடையும், சாயாவும், கை நம்பிட்டு என்று சொன்ன மனிதரும் நினைவுக்கு வந்தார்கள். இந்த மனிதரின் வலது கை தொடைமேல் குச்சியோடு கிடந்தது. விரல்கள் லேசாக வீங்கியிருந்தன.

"இல்லண்ணே," என்றேன். "நாம எல்லாரும் ஒண்ணாத்தான் போறோம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. பொய் இல்லாத வாக்கியத்தை வைத்து ஒரு விஷயத்தை மறைப்பது எப்படி என்பது என் தொழிலில் சீக்கிரமே பழகிவிடும். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அப்போ சரி" என்று எழுந்தார்.

மறுநாள் காக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஒரு பெரிய நெய்மீனோடு. அறுப்பின் பண்டிகைக்கு விளைச்சலைத்தான் கொண்டு வருவார்கள், ஏலம் விடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எங்க வெளச்சல் இதாக்கும்" என்று வாழைத்தார்களுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவில் மீனை வைக்கச் சொன்னார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, வெளியிலேயே காற்று வருகிறது என்று ஜன்னலை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு அவருடைய வெள்ளைத் தொப்பி மட்டும் தெரிந்தது.

டீச்சர் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் எங்களுக்குப் பழக்கமான அந்த நடையில் போனோம். எட்டும் விழுந்தது. கடைசிப் பாட்டில் தொப்பி மெல்ல ஆடத் தொடங்கியது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

ஆராதனை முடிந்ததும் காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிரம்ஸை ஒரு சுற்றுப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். அதன் உயரத்தையும், அதில் உட்கார்ந்திருந்தவரின் முழங்கால்களையும் பார்த்தார். பிறகு அவர் தோளில் கை வைத்தார்.

"கொள்ளாம் மக்கா. மூச்சு விட இடம் இருக்கு."

இவர் எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி, தளர்த்தத் தேவையே இல்லாத ஒரு தட்டின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அதைத் தளர்த்தி முடிக்க வெகுநேரம் ஆனது.

காக்காவை ஆட்டோ வரை கொண்டுவிட நான் போனேன். முற்றத்தில் ஏலம் தொடங்கியிருந்தது. நெய்மீனுக்கு ஐயர் வீடும் செயலர் வீடும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. காக்கா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தார். பிறகு, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்:

"ஆரு மொதல்ல தொடங்குனது?"

"என்னது காக்கா?"

"பைய பாடுகது."

நான் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தேன். காக்கா காத்திருந்தார்.

"கீபோர்டு வாசிக்கக்கூடிய டீச்சர்," என்றேன்.

"நல்ல பிள்ள." ஆட்டோவில் ஒரு காலை வைத்து ஏறி உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். "அவனுக்குத் தெரியாண்டாம்."

"தெரியாது காக்கா."

"அண்ணைக்கு அந்தக் கல்யாணத்துல எங்க கூட்டத்துல ஏழெட்டு பேரு உண்டு," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "அவன் ஓடுனான். பாக்கி எல்லாவனும் அவங்கூட ஓடுனானுவ. எங்கூட ஒருத்தனும் நிக்கல்ல."

ஆட்டோ கிளம்பியது. நான் உள்ளே திரும்பியபோது அவர் இன்னும் அந்தத் திருகோடுதான் நின்றார். "காக்கா வேற என்னவும் சொன்னாவளா?" என்று கேட்டார். மீன் நல்ல விலைக்குப் போகும் போலிருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் வாசித்தார். எங்கள் நடை இன்னும் கொஞ்சம் இறங்கியது. கடையில், ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் அவர் இறந்தார். அடக்க ஆராதனையில் டிரம்ஸ் இல்லாமல் பாடினோம். எந்த வேகத்தில் பாடினோம் என்று எனக்கு நினைவில்லை. காக்கா அதற்கு முந்தின வருடமே போய்விட்டார்.

இப்போது டிரம்ஸ் வாசிப்பது, அன்று கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான். முதல் ஒத்திகையில் ஸ்டூலை உயர்த்தப் பார்த்தாள். இத்தனை காலத்தில் திருகு உண்மையாகவே பிடித்துப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, ஸ்பானர் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து திருக வேண்டியிருந்தது. அது ஏறி நின்றபோது டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் குச்சிகளைத் தட்டி எண்ணித் தொடங்கினாள். புத்தகத்தில் போட்டிருக்கும் வேகம்தான். நாலு வரி போவதற்குள் அவள் எங்களை விட்டு முன்னால் போய்விட்டாள். நிறுத்தினாள். மறுபடி எண்ணினாள். மறுபடியும் நாங்கள் பிந்தினோம். என் விரல் தந்திக்கு வந்து சேர்வது எனக்கே தெரியும்படி தாமதமாக இருந்தது.

"அங்கிள், நீங்க இழுக்கியோ," என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தகவல் சொல்லும் குரல்தான்.

பல வருடப் பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். பழக்கம்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். நான் என் கையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு என் தலைமுடியை ஒரு கணம் பார்த்துவிட்டு டீச்சரைப் பார்த்தாள்.

"சரி, பரவால்ல. கொஞ்சம் பைய எடுக்கலாம்," என்றாள்.

மெதுவாக எண்ணினாள். இந்த முறை எல்லாம் ஒன்றாக விழுந்தது. பாட்டு முடிந்தபோது அவள் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டேன்:

"இழுத்தேனா?"

"இல்ல அங்கிள்," என்றாள் உடனே. நான் அவருக்குச் சொன்ன அதே வேகத்தில்.